டிக்கிக்கு என்ன விரிப்பு போடலாம்? மீன், உரம், மண்ணெண்ணெய் ஏத்துற வன்னிக் காருக்கு

வட்டக்கச்சி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். எங்களிட்ட இருக்கிறது ரொயோட்டா அக்சியோ ஹைபிரிட் கார், என்.கே.இ. 165. வேலைக்குப் போய்வர வாங்கினது. இப்ப வயலுக்கும் தோட்டத்துக்கும் அதுதான் போகுது. டிக்கிக்குள்ள போற சாமான்: தேங்காய், மரக்கறி, சில நேரம் ஒரு மூட்டை யூரியா, தண்ணிப் பம்புக்கு மண்ணெண்ணெய்க் கான். கிழமை முடிவில முல்லைத்தீவுப் பக்கம் போனால் மீன்.

கம்பனி போட்ட கார்ப்பெற் இன்னும் வடிவாக் கிடக்கு. அதைக் காப்பாத்தோணும். 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினாங்கள், 2025 பெப்ரவரியில திறந்தும் விட்டாங்கள். ஆனால் வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் எங்கட கைக்கு எட்டாது. இந்தக் கார் இன்னும் கனகாலம் ஓடவேணும்.

கடையில மூண்டு விதம் காட்டினவை. தோல் மாதிரி வைரக் கட்டம் போட்டுத் தைச்ச மெத்தை விரிப்பு, கறுப்பு றபர், மற்றது ஈ.வி.ஏ. எண்டு ஸ்பொஞ்ச் மாதிரி இலேசான பிளாஸ்ரிக்கில சின்னச் சின்ன அறை வைச்சது. ஒன்லைனில டி.பி.ஈ. எண்டு றபர் மாதிரி வளையிற பிளாஸ்ரிக்கில செய்த, விளிம்பு உயர்ந்த தட்டு ஒண்டும் கிடக்கு. பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ, எங்கட பாவிப்புக்கு எது சரி?

பரந்தன் சந்தி எழுதியது:

தம்பி, சாமான் பட்டியலை முதலே எழுதினது நல்லது. கனபேர் நிறத்தையும் தையலையும் பார்த்து வாங்கிப் போட்டுப் பிறகுதான் யோசிக்கினம்.

உங்கட பட்டியலில தேங்காய், மரக்கறி ஒரு பிரச்சினையே இல்லை. எந்த விரிப்பும் தாங்கும். பார்க்கவேண்டியது மூண்டு: மீன்தண்ணி, உரம், எண்ணெய். இந்த மூண்டுக்கும் ஒரே விரிப்பு நூறு வீதம் சரிவராது. ஆனால் மீன்தண்ணிக்குச் சரியானதைத் தெரிவு செய்தால் மற்ற ரெண்டையும் வேற வழியில சமாளிக்கலாம். ஏனெண்டால் உரம் மூட்டையில வருது, எண்ணெய் கானில வருது. மீன்தண்ணிதான் தன்ர பாட்டில ஓடுற சாமான்.

ஆனபடியால் முதல் கேள்வி, விளிம்பு இருக்கா? ரெண்டாவது, அந்த விளிம்பு அடியோட சேர்த்து ஒரே வார்ப்பா, இல்லாட்டித் தைச்சதா ஒட்டினதா? மூலையில பொருத்து இருந்தால் தண்ணி அதுக்குள்ளாலதான் இறங்கும்.

வைரவபுளியங்குளம் எழுதியது:

எங்கட ரொயோட்டா அக்குவாவில அந்தத் தோல் மாதிரி விரிப்புத்தான் போட்டிருக்கு. பிள்ளையளின்ர பள்ளிக்கூடப் பைகள், சந்தைச் சாமான், கோயிலுக்குப் போகேக்க அர்ச்சனைத் தட்டு, அவ்வளவுதான் ஏத்துறது. ஈரத்துணியால துடைச்சால் காணும். பார்க்க வடிவு, பின் சீட்டின்ர முதுகுப் பக்கமும் மூடி இருக்கு, பெட்டி உரசினாலும் சீட்டில கீறல் விழாது. எல்லாருக்கும் ஆழத் தட்டுத் தேவையில்லை எண்டுதான் நான் சொல்லுவன்.

ஓமந்தை கராஜ் எழுதியது:

அக்கா சொல்றது அவவின்ர பாவிப்புக்குச் சரி. வட்டக்கச்சித் தம்பிக்கு அது வேண்டாம். தைச்ச இடம் முழுக்க ஊசித் துளை. மேல ஊத்தின தண்ணி அந்தத் துளையளுக்குள்ளால கீழ இருக்கிற ஸ்பொஞ்சுக்குப் போகும். மேல் தோல் காஞ்சு கிடக்கும், கீழ நாள்கணக்கா ஈரம். நான் கழட்டிப் பார்த்த வாகனங்களில மோசமா நாறினது இப்பிடித் தைச்ச விரிப்புக் கிடந்ததுதான். ஸ்பொஞ்சைப் பிழிய உப்புத்தண்ணி வந்தது.

உப்புத்தண்ணி தகரத்துக்கு என்ன செய்யும் எண்டு கரையோரத்து ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டிக்கியின்ர அடித்தளத்துக்குக் கீழ ஒரு குழி இருக்கும். சிலதில ஸ்பெயர் ரயர், சிலதில பங்சர் கிட்டும் ஜக்கும் மட்டும். வழிஞ்சது எல்லாம் கடைசியாப் போய்த் தேங்கிற இடம் அதுதான். கனபேர் அந்த மூடியைத் தூக்கிப் பார்க்கிறதே ரயர் பங்சரானால் மட்டும்தான். அதுக்குள்ள தகடு பொருத்தின மூட்டுகளில துரு பிடிச்சால் வெளியில தெரிய முதல் உள்ளுக்குத் தின்னும்.

ஹைபிரிட் ஆக்களுக்கு இன்னொண்டு. அக்சியோவிலயும் அக்குவாவிலயும் பெரிய பற்றரி பின் சீட்டுக்குக் கீழ. அதைக் குளிராக்கிற காத்துப் போற வாசல் பின் சீட்டின்ர பக்கத்தில சின்னக் கிறில் மாதிரி இருக்கும். டிக்கி விரிப்பு அதை மூடாது. ஆனால் சீட்டையும் சேர்த்து மூடுற செற் வாங்கினால் மூட வாய்ப்பிருக்கு, போட முதல் பாருங்கோ. ரெண்டாம், மூண்டாம் தலைமுறைப் பிறியஸ் ஆக்கள், உங்கட 12 வோல்ற் பற்றரி டிக்கியின்ர வலது மூலையில கிடக்கு. அந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணியும் போகக்கூடாது. ஹோண்டா பிற் ஹைபிரிட், வெசல் ஹைபிரிட் ரெண்டிலயும் பெரிய பற்றரியே டிக்கித் தளத்துக்குக் கீழதான். அந்தக் கார் வைச்சிருக்கிறவை விளிம்பில்லாத விரிப்போட மீன் ஏத்தவே கூடாது. இதை நான் பயப்படுத்தச் சொல்லேல்லை, கழட்டிப் பார்த்துத்தான் சொல்றன்.

மாங்குளத்தான் எழுதியது:

எல்லாரும் என்னத்துக்குக் காசைக் கொட்டச் சொல்றியள்? நெல்லுக் காயவிடுற படங்கில ஒரு துண்டு வெட்டி, நாலு பக்கமும் மேல மடிச்சு, கண்ணோட்டைக்குள்ளால கயிறு போட்டுக் கொக்கியில கட்டினால் முடிஞ்சுது. அடியில 9 மில்லிமீற்றர் பிளைவூட் ஒரு பலகை. நான் இப்பிடித்தான் ஓடுறன். நெல்லு, சீமெந்து, விறகு எல்லாம் போகுது. கிழிஞ்சால் இன்னொரு துண்டு.

முல்லைக் கரை எழுதியது:

அண்ணை, நெல்லுக்கும் சீமெந்துக்கும் நீங்கள் சொல்றது சரி. மீனுக்கு வராது. நாங்கள் மீனோட வாழுற ஆக்கள், அனுபவத்தில சொல்றன்.

படங்கு எண்டது பின்னின பொலித்தீன், மேல மெல்லிசா ஒரு பூச்சு. சாமானை இழுத்து இழுத்து ஏத்தி இறக்க அந்தப் பூச்சு உரஞ்சு போகும். கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ, ஊசிக் கண் கண்ணாத் தெரியும். மற்றது, மடிப்புக்குள்ள தேங்கின தண்ணி பிறேக் பிடிக்கேக்க ஒரேயடியா முன்னுக்கு வந்து வழியும். கீழ பிளைவூட் இருந்தால் அது அந்தத் தண்ணியைக் குடிச்சு ஊதும்.

எந்த விரிப்புப் போட்டாலும் முதல் காவல் பெட்டிதான். றெஜிபோம் (வெள்ளைத் தெர்மகோல்) பெட்டிக்குள்ள மீனும் ஐசும். அந்தப் பெட்டியை அப்பிடியே டிக்கிக்குள்ள வைக்கிறேல்லை, ஒரு பிளாஸ்ரிக் பேசினுக்குள்ள இறக்கி வைக்கிறது. றெஜிபோம் பெட்டியில மூலை வெடிக்கும், வெடிச்சால் தண்ணி பேசினுக்குள்ள நிக்கும். விரிப்பு அதுக்குப் பிறகு வாற காவல். நண்டு, இறால் எண்டால் இன்னும் கவனம். நண்டின்ர கால் முள்ளு பெட்டியைத் துளைக்கும்.

வெடுக்குப் போக: விரிப்பை வெளியில எடுத்து, முதல் பச்சைத் தண்ணி, பிறகு சவுக்காரம், பிறகு தேசிக்காய்ப் புளி இல்லாட்டி வினாகிரி கலந்த தண்ணி. மீன் வெடுக்கு காரத்தன்மையான சாமான், புளி பட்டால்தான் அடங்கும். சமைக்கேக்க புளி விடுறதும் அதுக்குத்தானே. ஆனால் புளித்தண்ணியைக் காருக்குள்ள வைச்சுத் தேய்க்காதேங்கோ, தகரத்தில பட்டால் அது வேற வேலை. முதலே சுடுதண்ணி ஊத்தவும் வேண்டாம். மீன்ரத்தம் அவிஞ்சு பிடிச்சிடும்.

வட்டக்கச்சி எழுதியது:

நல்ல விளக்கம் அக்கா, பேசின் விசயம் நாளைக்கே செய்யலாம். ஈ.வி.ஏ. பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே? கடைக்காரர் அதைத்தான் கூடச் சொன்னவர். பாரமில்லை, மணமில்லை எண்டு.

பரந்தன் சந்தி எழுதியது:

ஈ.வி.ஏ. பாரமில்லை எண்டது உண்மை. ஒரு கையால தூக்கி உதறலாம். அந்தச் சின்ன அறைகள் மண்ணைப் பிடிச்சு வைச்சிருக்கும், மற்றச் சாமானில ஒட்டாது. செம்மண் ஒழுங்கைக்குள்ளால போய்வாற ஆக்களுக்குக் கால்மிதியா அது அருமை. டிக்கிக்கு வரேக்க ரெண்டு குறை. அறை ஒவ்வொண்டுக்கும் அரை விரல் ஆழம்தான், கொஞ்சம் தண்ணி பிடிக்கும், அதுக்கு மேல வழியும். விளிம்பு வைச்சதெண்டு விக்கிறது அநேகமா மூலையில வெட்டி மடிச்சுத் தைச்சது. ஒரு போத்தில் தண்ணியை மூலையில ஊத்திப் பாருங்கோ. கடையில ஊத்த விடாட்டி வாங்காதேங்கோ.

ரெண்டாவது சூடு. பங்குனி சித்திரையில வெளியில 35 பாகை எண்டால் கண்ணாடி மூடி வெயிலில நிக்கிற காருக்குள்ள 60 பாகையைக் கிட்டும். மலிவான ஈ.வி.ஏ. அந்தச் சூட்டில சுருங்கும், மூலை மேல எழும்பும். உரமூட்டை வைச்ச இடம் பள்ளமாகி அப்பிடியே நிக்கும்.

பி.வி.சி. விரிப்பெண்டால் மணம். மிருதுவாக்கிறதுக்குச் சேர்க்கிற எண்ணெய்ச் சாமான் சூட்டில ஆவியாகிப் பின் கண்ணாடியில மங்கலாப் படியும். அது வெளியேற வெளியேற விரிப்பு விறைச்சு, பிறகு வெடிக்கும். வாங்க முதல் மூலையை இறுக்கி மடிச்சுப் பாருங்கோ. மடிச்ச இடம் வெள்ளையாப் போனால் அது கனகாலம் நிக்காது.

றபர் உறுதி, வழுக்காது, இலங்கையிலயே செய்யிற சாமான். பாரம்தான் பிரச்சினை, கழுவ வெளியில எடுக்கவே ரெண்டு பேர் வேணும் எண்டால் ஒருத்தரும் கழுவ மாட்டினம். இயற்கை றபர் மண்ணெண்ணெயைக் குடிச்சு ஊதும், இதையும் கவனியுங்கோ.

டி.பி.ஈ. மணம் குறைவு, வெயிலில விறைக்காது, வார்த்தெடுத்தது எண்டபடியால் மூலையில பொருத்து இல்லை. உங்கட பாவிப்புக்கு நான் சொல்றது அதுதான். ஆனால் அதுவும் மண்ணெண்ணெய்க்கு முழுக்கத் தாங்காது. கானுக்கு வேற வழி பார்க்கோணும்.

நெடுங்கேணி எழுதியது:

இடையில ஒரு கேள்வி. எங்களிட்ட சுசுக்கி வகன் ஆர், எம்.எச். 55. அதுக்கும் டி.பி.ஈ. தட்டுச் சரிவருமா? நாங்கள் பின் சீட்டை மடிச்சு நெல்லு ஏத்துற ஆக்கள்.

ஓமந்தை கராஜ் எழுதியது:

வகன் ஆரில பின் சீட் முன்னுக்கும் பின்னுக்கும் நகரும், இடதும் வலதும் தனித்தனியா. ஒரே துண்டுத் தட்டுப் போட்டால் சீட்டை முன்னுக்குத் தள்ளேக்க இடைவெளி விழும், பின்னுக்கு இழுக்கேக்க தட்டு மடங்கும். உங்களுக்கு ரெண்டு துண்டு வேணும். டிக்கிக்கு ஒண்டு, மடிச்ச சீட்டின்ர முதுகுக்கு ஒண்டு. நடுவில ஒரு முழ அகலத்துக்கு ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிக்கோணும்.

நெல்லெண்டால் தண்ணியை விட மணிதான் கவலை. சாக்கில இருந்து சிந்துற மணி நேர சீட் ஓடுற தண்டவாளத்துக்குள்ள போகும். அதோட மண்ணும் சேர்ந்து இறுகினால் சீட் நகராது. விரிப்புக்குக் கீழ போன மணி மாரியில ஈரம் பட்டு முளைச்சுக் கிடந்ததை நான் கண்டிருக்கிறன், வெள்ளை வேர் கார்ப்பெற்றுக்குள்ளால ஓடியிருந்தது. மணி கிடந்தால் எலி வரும். எலி வந்தால் வயர் போகும். அந்தச் செலவோட பார்த்தால் விரிப்பின்ர விலை ஒண்டுமேயில்லை. மாங்குளத்தண்ணையின்ர படங்கு உங்களுக்குத்தான் நல்ல பொருத்தம், சீட்டின்ர முதுகு வரைக்கும் ஒரே துண்டா விரிச்சுப் போட்டு இறக்கினாப் பிறகு நாலு மூலையையும் பிடிச்சு வெளியில எடுத்து உதறலாம்.

மல்லாவி ரொறன்ரோ எழுதியது:

நான் கனடாவில இருக்கிறன், ஊர் மல்லாவி. இஞ்ச பனிக்காலத்தில றோட்டுக்கு உப்புப் போடுறவை. சப்பாத்திலயும் சாமானிலயும் ஒட்டி வாற உப்புத்தண்ணி காருக்குள்ள வழியாமல் இருக்கத்தான் இந்த ஆழ விளிம்புத் தட்டுகளை எல்லாரும் போடுகினம். வெதர்டெக், ஹஸ்கி மாதிரிக் கம்பனிகள் ஒவ்வொரு கார் மொடலுக்கும் தனித்தனியா அளந்து செய்யினம். ஊருக்கு அனுப்பச் சொல்லி என்னட்டயும் கேட்டிருக்கினம்.

கேக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அக்சியோவும் வகன் ஆரும் வட அமெரிக்காவில விக்கிறேல்லை, அதுக்கு இஞ்ச தட்டு இல்லை. அக்குவா இஞ்ச பிறியஸ் சி எண்டு வந்தது, வெசல் எச்.ஆர்.வி. எண்டு வந்தது. ஆனால் இஞ்ச அப்ப வந்தது வேற எஞ்சின் போட்ட எச்.ஆர்.வி., உங்களிட்ட இருக்கிறது ஹைபிரிட். பற்றரி தளத்துக்குக் கீழ இருக்கிறபடியால் அளவு ஒண்டா எண்டு அளந்து ஒப்பிட்ட பிறகுதான் காசு அனுப்புங்கோ. பாசலில அனுப்பேக்க சுருட்டி அனுப்பினால் அந்த மடிப்பு கனநாளைக்கு நிக்கும். வெயிலில விரிச்சுப் போட்டு எடுக்கோணும்.

வட்டக்கச்சி எழுதியது:

அப்ப எனக்கு ஒன்லைன் தட்டுத்தான். அளவு எப்பிடி எடுக்கிறது? டேப் பிடிச்சு நீள அகலம் அளந்தன், சக்கரம் வாற இடத்தில உள்ளுக்குத் தள்ளி வளைஞ்சு போகுது. விக்கிறவர் மொடல் பெயர் மட்டும்தான் போட்டிருக்கிறார்.

பரந்தன் சந்தி எழுதியது:

பேப்பர் வெட்டி அச்சு எடுங்கோ. பழைய பத்திரிகைத் தாளை ஒட்டி ஒட்டி டிக்கித் தளத்தில விரிச்சு, சக்கர வளைவில விரலால அமத்திக் கோடு போட்டு வெட்டுங்கோ. அதை வெளியில எடுத்து, ஆக அகலமான இடம், ஆக ஒடுங்கின இடம், நீளம் மூண்டையும் எழுதுங்கோ. விக்கிறவரிட்ட அந்த மூண்டையும் கேளுங்கோ. மொடல் பெயரை மட்டும் நம்பேலாது. அக்சியோவிலயே ஹைபிரிட் வேற, பெற்றோல் வேற. சேசி இலக்கத்தின்ர முன் எழுத்தை, உங்கட என்.கே.இ. 165 எண்டதை, சொல்லிக் கேளுங்கோ.

கொஞ்சம் சிறுசா இருந்தால் பரவாயில்லை. பெருசா வாங்கி விளிம்பை வெட்டக்கூடாது. விளிம்பை வெட்டினால் தட்டு வெறும் பாயாப் போச்சு.

விளிம்பு எவ்வளவு உயரம் எண்டு கேட்டால், 3 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் பாருங்கோ. 90க்கு 80 சென்ரிமீற்றர் தட்டில 3 சென்ரிமீற்றர் விளிம்பெண்டால் கணக்குக்கு 21 லீற்றருக்கு மேல பிடிக்கும். கார் ஓடேக்க அவ்வளவும் நிக்காது, ஏ9 றோட்டில ஒரு மாடு குறுக்க வந்து பிறேக் பிடிச்சால் ஒரு பக்கமா அலை அடிக்கும். ஆனால் பெட்டி வெடிச்சு வாற ரெண்டு மூண்டு லீற்றர் தண்ணி வெளியில போகாது.

மாங்குளத்தான் எழுதியது:

மீனுக்குப் படங்கு வராது எண்டதை ஏற்றுக்கொள்ளுறன், தங்கச்சி சொன்ன மாதிரி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்தன், கண் கண்ணாத்தான் தெரியுது. நெல்லுக்கும் விறகுக்கும் படங்கை விடமாட்டன்.

உர மூட்டை பற்றி நானும் சொல்றன். யூரியாச் சாக்கின்ர தையலில இருந்து மணி கொட்டும். காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிச்சுத் தண்ணியாகி ஓடும். மாரி காலத்தில அதை வடிவாப் பார்க்கலாம். பொட்டாசு உரம் அதை விடக் கெட்டது, அது குளோரைட் உப்பு, கடல்தண்ணி தகரத்துக்குச் செய்யிறதை இதுவும் செய்யும். மூட்டையை ஏத்த முதல் ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள்ள போட்டு வாயைக் கட்டுங்கோ. 50 கிலோ மூட்டையைத் தட்டில இழுக்காமல் தூக்கி வையுங்கோ. பூச்சி மருந்தை மீனோடயும் மரக்கறியோடயும் ஒரே டிக்கியில கொண்டு போகவே வேண்டாம், எந்த விரிப்பு இருந்தாலும்.

முல்லைக் கரை எழுதியது:

பூச்சி மருந்து விசயத்தை அண்ணை சொன்னது நல்லது. அந்த டிக்கியிலதான் பிள்ளையளுக்கு வட்டாப்பளைப் பொங்கலுக்குக் கட்டின சோத்துப் பொதியும் போகுது.

இன்னொண்டு, பாலைப்பழக் காலம். காட்டுப் பக்கம் இருந்து பை பையா வாங்கி ஏத்துவம். பழம் நசிஞ்சு பால் வழிஞ்சால் தட்டில பசை மாதிரி ஒட்டும், தண்ணிக்குப் போகாது. வாயில ஒட்டினால் செய்யிற மாதிரித் தேங்காய் எண்ணெய் தடவித்தான் கழட்டோணும். எண்ணெய் தட்டில நிக்க விடாமல் உடனே சவுக்காரம் போட்டுக் கழுவிடுங்கோ.

வட்டக்கச்சி எழுதியது:

மண்ணெண்ணெய்க் கானுக்கு என்ன வழி? அதுதான் மிச்சம்.

ஓமந்தை கராஜ் எழுதியது:

கானை ஒரு ஆழமான கெட்டிப் பிளாஸ்ரிக் பேசினுக்குள்ள நிமித்தி வைச்சு, பேசினோட சேர்த்துக் கொக்கியில கட்டுங்கோ. மூடிக்குள்ள றபர் வளையம் இருக்கா எண்டு பாருங்கோ, இல்லாட்டி எவ்வளவு இறுக்கினாலும் கசியும். விளிம்பு வரைக்கும் நிரப்பாதேங்கோ, சூட்டில எண்ணெய் விரியும். கான் கிடக்கேக்க காரை வெயிலில மூடி விட்டிட்டுப் போகவும் வேண்டாம். தட்டில ஊத்துப்பட்டால் அண்டைக்கே துடைச்சுச் சவுக்காரத்தால கழுவினால் டி.பி.ஈ. தாங்கும். ஊறவிட்டால்தான் ஊதும்.

தட்டுப் போட்ட பிறகும் மாரியில கிழமைக்கு ஒருக்கா மூலையைத் தூக்கிக் கீழ கையை வைச்சுப் பாருங்கோ. கதவு றபருக்குள்ளாலயும் பின் லைற் பொருத்துக்குள்ளாலயும் மழைத்தண்ணி உள்ளுக்கு வரலாம். அப்பிடி வந்தால் தட்டு அதை மூடி வைச்சிருக்கும், காய விடாது. குழிக்குள்ள அடியில வட்ட றபர் மூடி ஒண்டு இருக்கும், தண்ணி தேங்கினால் அதைக் கழட்டி வடிச்சு, துடைச்சு, திரும்ப இறுக்கிப் போடலாம். சேர்விசுக்குக் குடுக்கேக்க டிக்கிக்குள்ள தண்ணிக் குழாய் அடிக்க வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ.

வட்டக்கச்சி எழுதியது:

பேப்பர் அச்சு வெட்டி அனுப்பினன். விக்கிறவர் அளவு தந்தவர். சக்கர வளைவில ரெண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி வரும், விளிம்பு 4 சென்ரிமீற்றர், மூலை வார்ப்பு. எடுக்கப் போறன். கம்பனிக் கார்ப்பெற்றை எடுத்திட்டுத் தட்டைப் போடுறதா, அதுக்கு மேலயே போடுறதா?

ஓமந்தை கராஜ் எழுதியது:

மேலயே போடுங்கோ. தட்டின்ர அடியில கூர் முனை வைச்சிருப்பினம், அது கார்ப்பெற்றைப் பிடிச்சால்தான் வழுக்காது. வெறும் பலகையில போட்டால் வளைவுக்கு வளைவு ஓடும், சத்தமும் வரும். அந்த ஒரு விரல் இடைவெளிக்குள்ள ஸ்பொஞ்ச் கிஸ்பொஞ்ச் ஒண்டும் அடையவேண்டாம், அது ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். வந்த உடன ஒரு நாள் முழுக்க முத்தத்தில வெயிலுக்கு விரிச்சு விட்டிட்டு, பிறகு போடுங்கோ.